எட்டு வருடம் யாருக்காகக் காத்திருந்தீர்கள்?

ஹிப்ஹாப் தமிழா ரசிகர்களிடம் ஒரு பழைய புலம்பல் உண்டு: "எட்டு வருஷம் காக்க வச்சுட்டாங்க." ஆதியும் ஜீவாவும் 'ஹிப் ஹாப் தமிழன்' ஆல்பத்தை வெளியிட்டது 2012-இல். அடுத்த சுயாதீன ஆல்பமான 'நான் ஒரு ஏலியன்' வந்தது 2020-இல். நடுவில் 'டக்கரு டக்கரு' மாதிரி தனிப்பாடல்கள் வந்தன. மற்றபடி எல்லாம் சினிமாதான்: 2015-இல் 'ஆம்பள', 'தனி ஒருவன்', 2017-இல் ஆதியே எழுதி, இயக்கி, நடித்த 'மீசைய முறுக்கு'.

"சினிமாவுக்குப் போய் வித்துட்டாங்க" என்கிறது ஒரு கூட்டம். "அண்ணன் எப்ப வந்தாலும் மாஸ்" என்கிறது இன்னொன்று. இரண்டு கூட்டத்தோடும் எனக்குச் சண்டை இருக்கிறது.

முதல் கூட்டத்துக்கு. தமிழில் பாட்டுக்குக் கூலி கொடுக்கிற ஒரே பெரிய முதலாளி சினிமா. ரேடியோ, டிவி, கல்யாண டிஜே, கோயில் திருவிழா மேடை, எல்லாமே அதன் கிளைக் கடைகள். மலேசியாவில் 2006-இல் 'வல்லவன்' போட்ட யோகி பி-யையும் அடுத்த வருடமே 'பொல்லாதவன்' கூப்பிட்டுக்கொண்டது. சினிமா இல்லாத பாட்டுக்குப் பத்து ரூபாய் கொடுக்காதவர்கள், பாடுகிறவனிடம் மட்டும் துறவு கேட்பது என்ன நியாயம்?

இரண்டாம் கூட்டத்துக்கு. ராப்பின் உயிரே 'நான்' என்கிற சொல்தான். பாடுகிறவன் தன் தெருவை, தன் வயிற்றை, தன் அவமானத்தைச் சொல்வான். சினிமா ராப்பில் அந்த 'நான்' ஹீரோவின் என்ட்ரிக்கு வாடகைக்குப் போகிறது. சரி, ஆல்பத்திலாவது யார் பேசுகிறார்? 'தமிழன்' பேசுகிறான். எந்தத் தமிழன்? அவர்களைப் பிரபலமாக்கிய 'கிளப்புல மப்புல'விலேயே அந்தத் தமிழன் பெண்களுக்கு ஒழுக்கப் பாடம் எடுத்தான். அப்போதே இதைக் கேட்டிருக்க வேண்டும்.

நான் இருப்பது கொல்லிமலை வாசலூர்பட்டியில். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவர்களுக்குத் தமிழ்ப் பெருமை என்றால் வல்வில் ஓரி. ஆடி மாதம் செம்மேட்டில் அவனுக்கு விழா எடுக்கிறார்கள். சாமையும் மிளகும் விளைவிக்கிற மலையாளிப் பழங்குடிகள் அந்தப் பெருமையில் எங்கே நிற்கிறார்கள்? பெருமைப் பாட்டில் மீசை இருக்கிறது, வில் இருக்கிறது, வேலைக்கு மலையிறங்குகிறவன் இல்லை. முடியாத காரியமா இது? 2019-இல் அறிவும் ஆஃப்ரோவும் 'தெருக்குரல்' போட்டார்கள். அவர்களும் இரண்டு பேர்தான். சாதியைச் சாதி என்று பெயர் சொல்லியே பாடினார்கள்.

ஓரியைப் பற்றி வன்பரணர் பாடிய புறநானூற்று 153-ஆம் பாட்டு ஒன்று சொல்கிறது. போன கலைஞர்களுக்கு அவன் வெள்ளி நாரில் தொடுத்த மணிக் குவளைப் பூவும் யானைகளும் அள்ளிக் கொடுத்தானாம்; வாங்கியவர்கள் ஆடவும் மாட்டாமல், பாட்டையும் மறந்துபோனார்களாம். வன்பரணர் சொன்னது புகழ்ச்சிக்கு. எனக்கு அது எச்சரிக்கையாகவே கேட்கிறது. இன்றைய ஓரி சினிமா. கொடை பெரிசு. ஆனால் மறந்துபோகிற பாட்டு யாருடையது?

ஆதியையும் ஜீவாவையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமில்லை. தமிழில் ராப் பண்ணலாம், அதுக்கு ஊரே ஆடும் என்று காட்டியது அவர்கள்தான். அந்தக் கடன் எனக்கும் உண்டு. ஆனால் ஒரே ஒரு ஜோடியின் அடுத்த ஆல்பத்துக்காக ஒரு தலைமுறையே வாயைத் திறந்துகொண்டு நிற்பது ரசனை இல்லை, சோம்பல்.

செல்போன் நோட்ஸில் வரி எழுதி வைத்திருக்கிற பசங்க எங்கள் மலையிலும் இருக்கிறார்கள், உங்கள் ஊரிலும் இருப்பார்கள். அடுத்த திருவிழாவில் ஆர்கெஸ்ட்ராவுக்குக் கொடுக்கிற ராத்திரியில் ஒரு மணி நேரத்தை வெட்டி, காசும் மைக்கும் கொடுத்து அவர்களை மேடையேற்றுங்கள். முதல் பாட்டு சொதப்பும். இரண்டாவதும் சொதப்பலாம். மூன்றாவதில் உங்கள் ஊர் பேசும்.