கோர்ட்டே விட்டுவிட்டால் சரியாகிவிடுமா?

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் வழியில், மயிலத்துக்குச் சாலை பிரிகிற கூட்டேரிப்பட்டில் எந்த டீக்கடையில் அரசியல் பேசினாலும் ஒரு வாதம் வந்து பேச்சை முடித்துவிடும். “அவரு காசு எடுத்ததை நீ பாத்தியா? கோர்ட்டே வுட்டுடுச்சு, அப்புறம் என்ன?” எல்லாக் கட்சிக்காரர்களும் இதைச் சொல்கிறார்கள், படித்தவர்களும் சொல்கிறார்கள். பொதுப்பணத்துக்குக் காவல் இருப்பவர் அதே பணத்தால் ஆதாயம் அடையும் இடத்தில் நின்றாலும், திருட்டு நிரூபணமாகும்வரை அவரைக் கேட்கக் கூடாது என்பதுதான் இதன் பொருள். இந்த நம்பிக்கை தவறு. நம் மாநிலத்துக்கு இது செய்திருக்கும் கேடு பெரிது.

டான்சி வழக்கையே எடுத்துக்கொள்வோம். 1992இல் கிண்டியில் இருந்த டான்சி என்ற அரசு நிறுவனத்தின் நிலத்தையும் கட்டடத்தையும் ஜெயா பப்ளிகேஷன்ஸ், சசி எண்டர்பிரைசஸ் ஆகிய இரண்டு நிறுவனங்களும் வாங்கின. அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா அவற்றில் பங்குதாரர். விற்றது அவருடைய அரசின் நிறுவனம். 2000 அக்டோபரில் தனி நீதிமன்றம் தண்டித்தது, 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் விடுவித்தது, 2003 நவம்பர் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை உறுதி செய்தது. ஊர் நினைவில் வைத்திருப்பது இந்தக் கடைசிச் செய்தியை மட்டும்தான்.

அந்தத் தீர்ப்பு சொன்ன மற்றதை யாரும் பேசுவதில்லை. அரசிடமிருந்து அமைச்சர் அசையாச் சொத்து வாங்கக் கூடாது என்று நடத்தை விதி இருக்கிறது. ஆனால் அந்த விதிக்குச் சட்ட பலம் கிடையாது, எனவே அதை மீறியது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 169ஆவது பிரிவின்கீழ் குற்றமாகாது என்றுதான் நீதிமன்றம் விடுவித்தது. அதோடு நிற்கவும் இல்லை. மனசாட்சிக்குப் பதில் சொல்லும் விதமாக, சொத்தை நிபந்தனையின்றி டான்சியிடமே திருப்பிக் கொடுத்துப் பரிகாரம் தேட வேண்டும் என்றும் சொன்னது. எந்தத் தவறும் இல்லாத ஒரு கொள்முதலுக்குப் பரிகாரம் எதற்கு? விடுதலை என்பது தண்டிக்கச் சட்டத்தில் இடமில்லை என்பதற்குக் கிடைத்த பதில். செய்தது சரியா என்ற கேள்விக்கு நீதிமன்றம் வேறு பதில் தந்தது. நாம் அதைக் காதில் வாங்கவே இல்லை.

முன்பெல்லாம் இப்படி இல்லை. 1957இல் எல்.ஐ.சி., பாலிசிதாரர்களின் பணத்தில் சுமார் 1.24 கோடி ரூபாயை தொழிலதிபர் முந்த்ராவின் கம்பெனிகளில் போட்டது. பெரோஸ் காந்தி நாடாளுமன்றத்தில் கேட்டார், சாக்ளா ஆணையம் விசாரித்தது. நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி தன் பைக்குள் போட்டுக்கொண்டார் என்று ஆணையம் சொல்லவில்லை. தன் செயலாளர் செய்ததற்கு அமைச்சரே பொறுப்பு என்றது. 1958 பிப்ரவரியில் அவர் பதவி விலகினார். கண்காணிக்க வேண்டிய இடத்தில் இருந்தார், கண்காணிப்பு தவறியது; விலகுவதற்கு அது போதுமானதாக இருந்தது.

கிரிக்கெட் வாரியத்தின் கதை இன்னும் தெளிவானது. வாரியத்தின் பொருளாளராக என். சீனிவாசன் இருந்தபோதே அவருடைய இந்தியா சிமெண்ட்ஸ் ஐ.பி.எல். போட்டியின் சென்னை அணியை வாங்கியது. அதற்கு இடம்கொடுக்கும்படி 2008இல் வாரிய விதியும் திருத்தப்பட்டது. 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஐ.பி.எல். சூதாட்டத்தை அவர் மூடி மறைத்தார் என்ற புகார் நிரூபிக்கப்படவில்லை என்றது. ஆனாலும் அந்த விதித் திருத்தத்தை ரத்து செய்து, அணியில் வணிக ஆதாயம் இருக்கும்வரை வாரியத் தேர்தலில் நிற்கக் கூடாது என்று தடுத்தது. குற்றம் நிரூபணமாகவில்லை, ஆனால் அந்த நாற்காலியும் கூடாது. டீக்கடை வாதத்துக்கு இதைவிட நேரான பதில் வேண்டாம்.

“நம்ம ஆளு கான்ட்ராக்ட் எடுத்தா ஊருக்குத்தானே நல்லது” என்பார்கள். மயிலம் ஒன்றியத்தின் எந்த ஊராட்சியிலும் இதைப் பொருத்திப் பாருங்கள். காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டம் வைத்திருப்பது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளத்தான். சிமெண்ட் சாலை வேலை தலைவரின் மச்சான் பெயரில் போனால், பில்லில் ஒரு ரூபாய்கூடப் பொய்யாக எழுதப்படாமல் இருக்கலாம். ஆனால் முதல் மழையில் ஜல்லி பெயர்ந்தால் மச்சானுக்கு நோட்டீஸ் அனுப்புவது யார்? மீதித் தொகையை நிறுத்திவைப்பது யார்? ஓவர்சியர் அளவுப் புத்தகமான எம்.புக்கில் எழுதிய அளவைச் சந்தேகப்பட்டு டேப் பிடிக்கச் சொல்வது யார்? அங்கே பணம் களவு போக வேண்டியதே இல்லை. கேட்க வேண்டிய வாய் அடைத்துப் போகிறது, அந்த நஷ்டம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. போலீஸ் கண்டுபிடிக்கக்கூடிய திருட்டைவிட எனக்கு இதுதான் அதிகக் கவலை தருகிறது.

நம் சட்டம் இதைக் கீழ்மட்டத்தில் புரிந்தே வைத்திருக்கிறது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சியின் ஒப்பந்த வேலையில் ஆதாயம் உள்ளவர் உறுப்பினராக இருக்கத் தகுதியற்றவர். அங்கே திருட்டை நிரூபிக்கச் சொல்வதில்லை. ஆதாயம் இருந்தாலே போதும். நூறு நாள் வேலைத் திட்டத்தில் சமூகத் தணிக்கைக் கூட்டத்துக்கு ஊராட்சித் தலைவர் தலைமை தாங்கக் கூடாது என்று வைத்ததும் இதனால்தான். மேலே போகப் போகத்தான் பிடி தளர்கிறது. எம்.எல்.ஏ., எம்.பி.க்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9ஏ பிரிவு தடுப்பது அரசுக்குச் சரக்கு கொடுக்கும், வேலை எடுத்துச் செய்யும் ஒப்பந்தங்களை மட்டும். அமைச்சருக்கோ 1964இல் எழுதிய நடத்தை விதி. மீறினால் தண்டனை இல்லை. தமிழ்நாட்டு மாநிலங்களவை உறுப்பினராக இருந்த சுதர்சன நாச்சியப்பன், பதவியும் சொந்த ஆதாயமும் மோதுவதைத் தடுக்கத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், நிறைவேறவில்லை.

தொழில் செய்பவர்கள் அரசியலுக்கே வரக் கூடாதா என்று கேட்கலாம். வரலாம். தன் தொழிலைத் தொடும் கோப்பு மேஜைக்கு வந்தால் அதை எழுத்தில் சொல்லிவிட்டு விலகி நிற்க வேண்டும், அவ்வளவுதான். அமைச்சரிடம் இதைக் கேட்கக் கூட்டேரிப்பட்டுக்காரருக்கு வழி குறைவு. தன் ஊராட்சியில் கேட்கலாம். வருகிற கிராம சபையில் வரவு செலவு வாசிக்கும்போது, ஒவ்வொரு வேலையையும் எடுத்த ஒப்பந்தக்காரருக்கும் காசோலையில் கையெழுத்திட்டவர்களுக்கும் என்ன உறவு என்று கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.