மாசியில் வர வேண்டிய மெக்கானிக்

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் கோவில்பட்டியில் ஏசி மெக்கானிக்கைப் பிடிப்பது, முகூர்த்த நாளில் சமையல் மாஸ்டரைப் பிடிப்பது மாதிரி. “நாளைக்கு வாரேன் அண்ணாச்சி” என்பார். வந்து சேர நான்கு நாள் ஆகும். அந்த நான்கு நாள் புழுக்கத்துக்குப் பயந்துதான் பலர் ஏ.எம்.சி. என்கிற வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குப் பணம் கட்டுகிறார்கள். வாரண்டி முடிகிற மாதத்தில் போன் வந்துவிடும். வருடத்துக்கு மூன்று சர்வீஸ், கூப்பிட்டால் ஆள் வரும் என்பார்கள்.

கட்டலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இது. மெஷின் புதிது, வீட்டில் ஸ்டூல் மேல் ஏறக்கூடிய ஒருவர் இருக்கிறார் என்றால் கட்ட வேண்டாம். சர்வீஸே தேவையில்லை என்று இதை எடுத்துக்கொண்டுவிடக் கூடாது. கரிசல் காட்டில் ஏசிக்குக் கவனிப்பு கூடுதலாகவே வேண்டும். நம் கைக்கு வரும் ஒப்பந்தங்கள் இந்த மண்ணையும் காற்றையும் கணக்கில் எடுத்து எழுதப்படவில்லை என்பதுதான் என் குறை.

கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடி சுமார் 60 கிலோமீட்டர்தான். அங்கே ஏசியைத் தின்பது கடலின் உப்புக்காற்று. காயிலை அரித்து ஓட்டை போட்டுவிடும். இங்கே உப்பு இல்லை, புழுதி இருக்கிறது. தை, மாசியில் உளுந்து, பாசி, மக்காச்சோளம் எல்லாம் களத்துக்கு வருகின்றன. களம் கிடைக்காதவர்கள் தார்ரோட்டிலேயே காயப்போட்டு அடிக்கிறார்கள். சோளச் சக்கையின் தூசி, உளுந்தம்பொட்டு, வெடித்துக் காய்ந்த கரிசலின் மாவு மாதிரியான மண் எல்லாம் காற்றில் ஏறிவிடும். அது அடங்குவதற்குள் கோடை. கோடை முடிகிறபோது மேல்காற்று. கயத்தாறு பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்றுதான் ஆனியிலும் ஆடியிலும் மொட்டைமாடியில் இருக்கும் அவுட்டோர் யூனிட்டின் முதுகில் மண்ணை அப்பிவிட்டுப் போகிறது.

அவுட்டோரின் வேலை, அறைக்குள்ளிருந்து இழுத்த சூட்டை வெளியே தள்ளுவது. அதன் தகடுகளுக்கு நடுவே மண் அடைத்துவிட்டால் சூடு வெளியேற வழி இல்லை. உள்ளே அழுத்தம் ஏறும், கம்ப்ரசர் திணறும், அறை குளிராது, கரண்ட் மட்டும் ஓடும். ஆகவே இந்த ஊர் ஏசிக்கு இரண்டு கழுவல் கட்டாயம். ஒன்று அறுவடைத் தூசி ஓய்ந்து வெயில் தொடங்கும் முன், மாசிக் கடைசியில். இன்னொன்று ஆடிக்காற்று அடங்கியதும், ஆவணியில். பங்குனி, சித்திரை வெயிலுக்கு மெஷின் சுத்தமான காயிலோடு போக வேண்டும்.

ஒப்பந்தத்தில் என்ன நடக்கிறது? நான்கு மாதத்துக்கு ஒன்று என்று வருடத்தை மூன்றாக வகுத்துவிடுகிறார்கள். கையெழுத்துப் போட்ட தேதிதான் கணக்கு. பங்குனியில் சேர்ந்தவருக்கு ஆடி நடுவில் கழுவிவிட்டுப் போவார்கள், அடுத்த வாரமே மறுபடி மண் அடைந்திருக்கும். அடுத்த முறை கார்த்திகை மழையில். அப்போது பாதி வீடுகளில் ஏசியே ஓடாது. சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் ஒரே அட்டவணை.

காற்றைச் சுத்தம் செய்கிற வேலை இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. 1902-ல் வில்லிஸ் கேரியர் தன் முதல் ஏசி இயந்திரத்தை ஓர் அச்சகத்துக்காக வடிவமைத்தார். சில ஆண்டுகளிலேயே அந்தத் தொழில்நுட்பம் பஞ்சாலைகளுக்குப் போனது. ஈரப்பதம் குறைந்தால் நூல் அறுந்துவிடும் என்பதால் ஆலைக்காரர்களுக்கு அது அவசியத் தேவை. லாயல் மில், லட்சுமி மில் என்று பஞ்சாலைகளை வைத்து வளர்ந்த ஊர் இது. ஸ்பின்னிங்கில் வேலை பார்த்த பெரியவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். ஹ்யூமிடிஃபிகேஷன் பிளாண்டின் ஃபில்டரில் பஞ்சுத்தூசி அடைத்தால் என்ன ஆகும் என்று அவர்களைக் கேட்டால் போதும். ஃபில்டரை அன்றாடம் பார்க்க வேண்டிய பொருளாகத்தான் மில்லில் வைத்திருந்தார்கள்.

வீட்டிலும் அதேதான். இன்டோர் யூனிட்டின் மூடியைத் தூக்கினால் இரண்டு வலைகள் கையோடு வந்துவிடும். குழாயடியில் கழுவி, நிழலில் காயவைத்து, திரும்பப் போட்டுவிடலாம். நேர்வெயிலில் காயவைத்தால் வளைந்துவிடும். ஏசி ஓடுகிற மாதங்களில் இங்கே பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது இதைச் செய்ய வேண்டும். எந்த ஒப்பந்தமும் இதற்காக ஆள் அனுப்பாது. இதைச் செய்யாத வீட்டில் எந்த ஒப்பந்தமும் பலன் தராது.

மின் கட்டணத்திலும் இது தெரியும். நம் மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறது. மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதோடு விடுவதில்லை; 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்துவந்த குறைந்த விலையும் போய்விடும். சித்திரை, வைகாசியில் 480, 490 என்று ஓரமாக நிற்கிற வீட்டை அடைத்த ஃபில்டர் தள்ளிவிட்டுவிடும். 24 டிகிரியில் வைத்துக்கொண்டு மேலே ஃபேனையும் ஓட்டினால் அந்தக் கோட்டுக்குள் நிற்கலாம். 2020 முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏசிகள் இயல்பாக 24-ல்தான் தொடங்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி.

எனக்குக் கோபம் வருகிற இடம் கேஸ். “கேஸ் குறைஞ்சிருக்கு சார், ஃபில் பண்ணிரலாம்” என்பது அடிக்கடி காதில் விழுகிற பேச்சு. ஏசியில் கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருளே இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச்சுற்றி வருவது. குறைந்தால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடித்து அடைத்து, வேக்கம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் எடுத்து, மெஷினின் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் கிராம் கணக்குப்படி தராசில் எடைபோட்டு ஏற்ற வேண்டும். அதைவிட்டுவிட்டு மேலுக்கு ஏற்றினால் அடுத்த வருடமும் அதே பில் வரும். இப்போது பரவலாக வருகிற ஆர்-32 கேஸ் ஓரளவு தீப்பற்றக்கூடியது. பழைய ஆர்-22 பழக்கத்தில் அதைக் கையாளக் கூடாது.

ஒப்பந்தத்தில் இரண்டு வகை உண்டு. கூலி மட்டும் அடங்கியது ஒன்று. உதிரிபாகமும் கேஸும் சேர்ந்த ‘காம்ப்ரிஹென்சிவ்’ இன்னொன்று. இரண்டாவது கேட்க நன்றாக இருக்கும், விலையும் கூடுதல். ஆனால் இன்வெர்ட்டர் ஏசிகள் பலவற்றில் கம்ப்ரசருக்கு 10 ஆண்டு, பிசிபி போர்டுக்கு 5 ஆண்டு என்று கம்பெனி வாரண்டியே இருக்கிறது. முதல் ஐந்து ஆண்டில் இந்த ஒப்பந்தம் எடுப்பவர் ஏற்கெனவே கையில் உள்ள பாதுகாப்புக்கு இரண்டாவது தடவை பணம் கொடுக்கிறார். சின்ன எழுத்தையும் படித்துப் பாருங்கள். வோல்டேஜ் கோளாறு, பல்லி, எலி, எறும்பால் வரும் சேதம் சேராது என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். இந்தப் பக்கம் போர்டு போவதற்குப் பாதிக் காரணம் போர்டுக்குள் புகுந்த பல்லியும் எறும்பும், ஸ்டெபிலைசர் இல்லாமல் வாங்கிய அடியும்தானே.

எடுக்கத்தான் வேண்டும் என்று நான் சொல்கிற வீடுகளும் இருக்கின்றன. பிள்ளைகள் சென்னையிலோ துபாயிலோ இருக்க, அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கிற வீடு. படுக்கையில் நோயாளி இருக்கிற வீடு. அங்கே எழுபது வயதுப் பெரியவரை ஸ்டூல் மேல் ஏறச் சொல்ல முடியாது. சித்திரையில் நான்கு நாள் காத்திருக்கவும் முடியாது. வாரண்டி தாண்டிப் பழையதாகிவிட்ட மெஷினுக்கும், காயில், கேஸ், போர்டு மூன்றும் சேரும் என்று எழுத்தில் கொடுத்தால் எடுக்கலாம். பணத்தை வாங்கிக்கொண்டு ஆள் அனுப்பாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. தூத்துக்குடியில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பில்லையும் சர்வீஸ் சீட்டையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

2019-ல் வெளியான இந்தியக் குளிரூட்டல் செயல்திட்டம், ஒரு லட்சம் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி தருவதை இலக்காகச் சொன்னது. 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. மெஷினின் விலை குறைந்தது நல்லதுதான். அதைத் தராசும் வேக்கம் பம்ப்பும் வைத்து ஒழுங்காகப் பார்க்கத் தெரிந்த கைகளும் ஊருக்குள் பெருக வேண்டும். அந்தக் கைகள் சித்திரை மதியம் கொதிக்கிற மொட்டைமாடியில் நின்று வேலை செய்கின்றன. மாசியில் வேலை தேடுகின்றன. வேலையை முன்னால் நகர்த்தினால் அவர்களுக்கும் நல்லது.

எட்டயபுரம் ரோட்டிலும் புதுரோட்டிலும் கடை வைத்திருக்கிற தம்பிமாரே, மாசியில் ஒரு கழுவல், ஆவணியில் ஒன்று, சித்திரையில் கூப்பிட்டால் மறுநாளுக்குள் ஆள், கேஸ் ஏற்றினால் எடைச்சீட்டு. இதை ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அந்த ஒப்பந்தத்துக்கு நான் பணம் கட்டுகிறேன், என் தெருவையும் கட்டச் சொல்கிறேன்.