ஒற்றைக் கண் கார்கள்

ஜிகணி, பொம்மசந்திரா ஆலைகளில் ஷிப்டு முடிந்து இரவில் ஸ்கூட்டரில் வீடு திரும்பும் தமிழ்த் தொழிலாளர்களுக்கு இது பழகிய காட்சி. எதிரே ஒற்றை விளக்கு வருகிறது. மோட்டார் சைக்கிள்தானே என்று கொஞ்சமாக ஒதுங்குகிறார்கள். பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிகிறது, அது கார் என்று! அணைந்து கிடப்பது வலப்பக்க விளக்கு. அதாவது, எதிரே வருகிறவரை உரசிச் செல்லும் பக்கம்.

முன்விளக்கு கெடுவது பெரிய ரிப்பேர் அல்ல. பல்பு போயிருக்கும்; பியூஸ் போயிருக்கும்; எர்த் ஒயர் துருப்பிடித்து வெளிச்சம் மங்கியிருக்கும். பிளாஸ்டிக் மூடி வெயிலில் மஞ்சள் பூத்துப் போவதும் உண்டு. நகருக்குள் தெருவிளக்கு இருப்பதால், தன் காரில் ஒரு விளக்கு எரியவில்லை என்பதே பல டிரைவர்களுக்குத் தெரிவதில்லை.

நகரைத் தாண்டினால் கணக்கு வேறு. 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் வினாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. ஆளைப் பார்த்து, பிரேக்கை மிதித்து, வண்டி நிற்பதற்குள் சுமார் 70 மீட்டர் போய்விடும். விளக்கைத் தாழ்த்திப் போட்டிருக்கும்போது, கறுப்புச் சட்டைக்காரர் அவ்வளவு தூரத்தில் கண்ணில் படுவது அரிது. விளக்கே மங்கல் என்றால் கேட்க வேண்டாம்.

மங்கலுக்கு மருந்து என்று கடையில் விற்கும் வெள்ளை எல்.இ.டி. பல்பை வாங்கி மாட்டுகிறார்கள். இது அதைவிட மோசம். ஹாலஜன் பல்புக்கென்று செய்த விளக்கில் வேறு பல்பைச் சொருகினால், வெளிச்சம் சாலையில் ஒழுங்காக விழாமல் சிதறி, எதிரே வருகிறவர் கண்ணில் பாய்கிறது. 2024 ஜூலையில் கர்நாடகப் போலீசார் இத்தகைய கண்கூசும் விளக்குகள் மீது மாநிலமெங்கும் வழக்குப் போட்டார்கள். நல்ல காரியம். ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 177-வது பிரிவில் முதல் தடவை அபராதம் 500 ரூபாய் வரைதான். அந்தப் பல்பின் விலையே அதைவிட அதிகமாக இருக்கும்!

லாரி, டாக்சிகளுக்குத் தகுதிச் சான்று உண்டு. முதல் 8 ஆண்டு வரை 2 ஆண்டுக்கு ஒரு முறை, பிறகு ஆண்டுதோறும். சொந்தக் காருக்கோ 15 ஆண்டு வரை அந்தச் சோதனை கிடையாது. புகைச் சான்று கொடுப்பவர் விளக்கைப் பார்ப்பதில்லை. ஓட்டை இங்கேதான் இருக்கிறது.

2022-ல் நாட்டில் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். 100-க்கு 44 பேர் இருசக்கர வண்டியில் சென்றவர்கள். 19 பேர் நடந்து சென்றவர்கள். விபத்துகள் மிக அதிகமாக நடப்பது மாலை 6 மணி முதல் 9 மணிக்குள். இது மத்திய அரசின் அறிக்கை. அதன் விதிமீறல் பட்டியலில் அதிவேகம், குடிபோதை, செல்போன் பேச்சு எல்லாம் தனித்தனியே வருகின்றன. விளக்குக் கோளாறுக்குத் தனி இடமில்லை. அதனால் அதைப் பற்றிக் கவலைப்படுவாரும் இல்லை.

பொங்கலுக்குத் தர்மபுரி, சேலம் பக்கம் வாடகைக் காரில் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். குடும்பமும் மூட்டை முடிச்சும் ஏறினால் காரின் பின்பக்கம் தாழ்ந்து, முன்விளக்கு வானத்தைப் பார்க்கும். பல கார்களில் ஸ்டியரிங் பக்கத்தில் 0 முதல் 3 வரை எண் போட்ட சிறு திருகு இருக்கிறது. சுமைக்குத் தக்கபடி விளக்கைத் தாழ்த்த வைத்தது அது. அதைத் தொட்டே பார்க்காத டிரைவர்கள் உண்டு. புறப்படும் முன் சுவரில் வெளிச்சத்தை அடித்துக் காட்டச் சொன்னால் ஒரு நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிடும். வாடகை கொடுக்கிறவர் கேட்டால் டிரைவர் மறுக்க முடியாது.