பிழைத்தல் மட்டும் போதுமோ?

மந்தாரக்குப்பத்தை அடுத்த நெய்வேலிச் சுரங்கத்தில், பழுப்பு நிலக்கரிக்குக் கீழே நிலத்தடி நீர் பேரழுத்தத்துடன் நிற்கின்றது. அந்நீரை இரவும் பகலும் இறைத்தவண்ணம் இருத்தல் வேண்டும். மண்ணை அகழ்ந்ததோடு அங்குப் பணி முடிவதில்லை. எடை குறைந்து பிறக்கும் குழந்தையைக் காத்தலும் அத்தகையதே.

1,500 கிராமிற்கும் குறைவான எடையுடன் பிறப்பதை மிகக் குறைந்த பிறப்பெடை என்பர் மருத்துவர். இத்தகைய குழந்தைகளுள் பெரும்பாலானவை நிறைமாதத்திற்கு முன்னரே பிறப்பவை. கருவின் மூளை விரைந்து வளர்ந்து மடிப்புகள் பெறுவது இறுதி மூன்று திங்களில் அன்றோ? குறைமாதக் குழந்தைக்கோ அவ்வளர்ச்சி கருப்பைக்கு வெளியே நிகழவேண்டியுள்ளது.

அந்நாளில் தாயின் மார்பே சிறந்த புகலிடம். 1978-இல் கொலம்பியா நாட்டு மருத்துவர் எட்கர் ரே, குழந்தையைத் தாயின் மார்போடு தோலுறத் தழுவிக் காக்கும் 'கங்காரு முறை'யைத் தொடங்கினார். பிறந்தவுடனே இதனைத் தொடங்கின் இறப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறையும் என, இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வு 2021-இல் காட்டியது.

ஆயினும், "பிழைத்தது, அதுவே போதும்" என்று அமைதல் தகாது. பார்வை, செவிப்புலன், கைகால் அசைவு ஆகியவற்றை உரிய காலங்களில் ஆய்தல் வேண்டும். இரு திங்கள் முந்திப் பிறந்த குழந்தையின் ஆறாம் திங்கள் வளர்ச்சியை நான்காம் திங்களுக்கு உரியதாகவே மதித்தல் வேண்டும். குறையேதும் தோன்றின், இளமூளை வளரும் பருவத்திலேயே பயிற்சி தொடங்குதல் நலம். உயிரைக் காத்தல் கடமையின் ஒரு பாதி. வளர்ச்சியைக் காத்தல் மறுபாதி.