சாத்வீகச் சோறும் சாஸ்திரப் புரட்டும்

உண்ணும் சோற்றைப் பொறுத்தே மனம் அமையும், ஆகவே புத்தி தெளிய வேண்டுமானால் சாத்வீக ஆகாரமே உட்கொள்ள வேண்டும் என்பதாக ஒரு உபதேசம் ஊரெங்கும் நடந்து வருகின்றது. கடலூரிலாகட்டும் சிதம்பரத்திலாகட்டும், உபந்யாசத்திற்குப் போனாலும் இதுதான். யோகாசன வகுப்பிற்குப் போனாலும் இதுதான். கைப்பேசியைத் திறந்தாலும் இதுதான். வெங்காயமும் பூண்டும் காமத்தைக் கிளப்புமாம். மீனும் கறியும் குரோதத்தை வளர்க்குமாம். பழைய சோறு புத்தியை மந்தமாக்குமாம். இதைக் கேட்டுவிட்டு, தேவனாம்பட்டினத்து மீனவரும், காட்டுமன்னார்கோயில் பக்கம் நாற்று நடுகின்ற பெண்ணும், தங்கள் பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லையென்றால் தங்கள் வீட்டுச் சட்டியையும் பானையையும் நொந்துகொள்ள வேண்டியவர்களாகின்றார்கள். ஆகையால் இதைப்பற்றிச் சற்று விவரமாகவே பேச வேண்டியிருக்கின்றது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகின்றோம். பசித்த பின் புசிப்பதும், நிதானமாக மென்று தின்பதும், அளவு மீறாமலிருப்பதும் நல்லது என்பதில் நமக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை. வள்ளுவர் ‘மருந்து’ என்னும் 95-வது அதிகாரத்தில் இதைத்தான் சொல்லுகின்றார். அங்கே எந்த ஜாதியான் சமைத்தான் என்கின்ற விசாரணை கிடையாது. உயிர்க்கொலை கூடாது என்கின்ற இரக்கத்தால் ஒருவர் புலாலை விட்டால் அதுவும் அவருடைய இஷ்டம். நாம் கேட்பது வேறு. சாஸ்திரக்காரர்கள் ‘மனச் சுத்தம்’ என்று சொல்லும்போது பார்ப்பது சோற்றையா, அல்லது சோற்றைப் போட்டவனுடைய பிறப்பையா?

கீதை யாருடைய சாப்பாட்டுப் பட்டியல்?

பகவத் கீதை 17-வது அத்தியாயம் 8 முதல் 10 வரையுள்ள சுலோகங்களில் ஆகாரம் மூன்று ரகமாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றது. ரசமும் நெய்ப்பசையும் உள்ளது சாத்வீகம். கசப்பு, புளிப்பு, உப்பு, காரம் மிகுந்தது ராஜசம். சமைத்து ஒரு ஜாமம் கடந்ததும், முதல் நாள் மிச்சமும், எச்சிலும் தாமசம்.

இதை வயலுக்குப் போகின்றவன் நிலையிலிருந்து பாருங்கள். விடிந்ததும் அவன் குடிப்பது பழைய சோறு. முதல் நாள் மிச்சமானதால் அது தாமசம். தொட்டுக்கொள்ளுவது உப்பும் மிளகாயும், அது ராஜசம். ஆயுள் முழுவதும் அவனால் சாத்வீகத்தின் வாசற்படியை மிதிக்க முடியாது. ஏனென்றால் அதற்கு நெய் வேண்டும், பால் வேண்டும், வேளைக்கு வேளை புதிதாக ஆக்கிப்போட வீட்டில் ஆளும் வேண்டும். இதற்கு மனதைப் பற்றிய ஆராய்ச்சி என்றா பெயர்? மாடும் மான்யமும் உடையவன் தன் சாப்பாட்டிற்குத் தானே எழுதிக்கொண்ட நற்சாட்சிப் பத்திரம் என்பதல்லாமல் வேறென்ன?

சரி, பழையது எல்லோருக்குமே ஆகாது என்றாவது சொல்லுகின்றார்களா? மனுதர்ம சாஸ்திரம் 5-வது அத்தியாயம் 24, 25 சுலோகங்களைப் பாருங்கள். நெய் போன்ற பசை கலந்திருந்தால் பழையதும் தின்னலாமாம். கோதுமைப் பண்டமும் பால் பண்டமும் வெகு நாளானாலும் தின்னலாமாம். ஆகவே நெய்யில் ஊறிய பழையதற்கு மன்னிப்பு உண்டு. தண்ணீரில் ஊறிய பழையதற்கு மன்னிப்பு இல்லை.

எச்சில் விஷயம் இதைவிட வேடிக்கை. எச்சில் தாமசம் என்கின்றது கீதை. அந்த எச்சிலை யாருக்குப் போட வேண்டும்? மனு 10-வது அத்தியாயம் 125-வது சுலோகம், ஊழியம் செய்கின்ற சூத்திரனுக்கு எச்சில் சோற்றையும் பழந்துணியையும் கொடுக்கச் சொல்லுகின்றது. ஒரு புஸ்தகம் எச்சிலைப் போடச் சொல்லுகின்றது. மற்றொரு புஸ்தகம் எச்சிலைத் தின்கின்றவன் தாமசன் என்கின்றது. கையைக் கட்டிக் குளத்தில் தள்ளிவிட்டு, இவனுக்கு நீந்தத் தெரியவில்லை என்று சிரிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சோற்றில் ஜாதி எங்கே ஏறுகின்றது?

ஆகாரத்துக்கு மூன்று தோஷம் உண்டென்று ராமாநுஜருடைய ஸ்ரீபாஷ்யத்தில் காணலாம். பண்டத்தின் இனத்தால் வருவது ஒன்று. மயிர், எச்சில் முதலியவை பட்டதால் வருவது ஒன்று. யாருடைய சோறு என்பதால் வருவது ஒன்று. இந்த மூன்றாவதுதான் இதற்கெல்லாம் ஆணிவேர். இதைப் பட்டவர்த்தனமாகச் சொன்னவர் மனு. 4-வது அத்தியாயம் 218 முதல் 220 வரை படித்துப் பாருங்கள். சூத்திரன் சோறு பிரம்ம தேஜஸைக் கெடுக்குமாம். தட்டான் சோறு ஆயுளைக் குறைக்குமாம். தோல் வேலைக்காரன் சோறு புகழை அழிக்குமாம். வண்ணான் சோறு பலத்தைப் போக்குமாம். வைத்தியன் சோறு சீழாம்! இதில் மிளகாய் எங்கே, பூண்டு எங்கே? உழைக்கின்ற ஜாதிகளின் ஜாப்தாவல்லவா இருக்கின்றது?

அதே அத்தியாயம் 223-வது சுலோகம் இன்னும் விசேஷம். சூத்திரன் சமைத்த சோறுதான் ஆகாது. வேறு வழியில்லாதபோது அவனிடம் ஒரு நாளைக்கு வேண்டிய பச்சை அரிசியை வாங்கிக்கொள்ளலாமாம். வீராணம் ஏரிப் பாசனத்தில் சேற்றில் நின்று நாற்று நட்டவனும், களை பறித்தவளும், அறுத்து அடித்துத் தூற்றி மூட்டை கட்டியவனும் யார்? அத்தனை கை பட்டும் அரிசிக்குத் தீட்டு இல்லை. அந்தக் கையே அதை உலையில் போட்டால் மாத்திரம் தீட்டு வந்துவிடுகின்றது. இதுதான் ஆகாரத்துக்கும் மனத்துக்கும் உள்ள சம்பந்தம் போலும்!

ஆகாரம் என்றால் சோறே அல்ல, புலன்கள் வழியாக மனது வாங்கிக்கொள்ளுவதுதான் என்று சங்கரர் சாந்தோக்கிய உபநிஷத்துக்கு எழுதிய உரையில் பொருள் சொல்லுகின்றார். ஆசாரியர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. ஆனால் பந்தியில் பிரித்து உட்காரவைப்பதில் மட்டும் தகராறு இருந்ததாகத் தெரியவில்லை. 1924-25-இல் சேரன்மாதேவி குருகுலத்தில், தேசியக் கல்வி என்று பொதுப் பணம் வாங்கிய இடத்தில், பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போடப்பட்டது. ரயில்வே சிற்றுண்டிச் சாலைகளில் ‘பிராமணாள்’, ‘இதராள்’ என்றிருந்த பிரிவினை, கிளர்ச்சி செய்த பிறகு 1941-இல்தான் ஒழிந்தது. 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. அதற்குப் பின்னும், காட்டுமன்னார்கோயில் தோழர் எல். இளையபெருமாள் தலைமையில் 1965-இல் அமைந்த குழு, 1969-இல் கொடுத்த அறிக்கையில் தேசமெங்கும் தீண்டாமை நிலவுவதை எழுத வேண்டியதாயிற்று. டீக்கடையில் தனிக் குவளை வைத்தவன் கீதை படித்தவனாக இருக்க வேண்டியதில்லை. கீதையும் மனுவும் போட்ட பாதையில் நடந்தவன் என்றால் போதும்.

தில்லையிலேயே சாட்சி

வெளியூர் சாட்சி எதற்கு? சிதம்பரம் கோவிலையே பார்ப்போம். நடராஜருக்குச் சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும் படைப்பது பேர்போன சங்கதி. மிளகுக் காரமும் புளிப்பும் கீதைப்படி ராஜசம். அப்படியானால் தில்லைக் கூத்தனுக்கு ராஜச புத்தி என்பார்களா?

திருவாதிரைக் களிக்குச் சொல்லும் கதை என்ன? விறகு வெட்டிப் பிழைத்த சேந்தனார் கொடுத்த களியைத் தின்று, மிச்சத்தையும் கட்டி வாங்கிக்கொண்டு போனாராம் சிவன். மறுநாள் அது கர்ப்பக்கிருகத்தில் சிதறிக் கிடந்ததாம். இது முதல் நாள் மிச்சமா அல்லவா? சேக்கிழார் பெரியபுராணத்தை இதே கோவில் ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேற்றினார் என்கின்றார்கள். அதில் வரும் கண்ணப்பர் பன்றிக் கறியை வாயில் போட்டு ருசி பார்த்து எச்சிலோடு படைக்கின்றார். ஆசாரமாகப் பூஜை செய்த சிவகோசரியார் பக்தியைவிட அந்த பக்தியே உயர்ந்தது என்று கடவுளே சொன்னதாகப் புராணம் முடிகின்றது.

நந்தனார் கதையைச் சொல்லவே வேண்டாம். கோவில் பேரிகைகளுக்குத் தோலும், யாழுக்கு நரம்பும் கொடுத்தவர் அவர். தோல் உள்ளே போயிற்று. தோல் கொடுத்தவர் வெளியே நின்றார். கடைசியில் நெருப்பில் இறங்கிய பிறகே உள்ளே போனார். புலைச்சேரிச் சோற்றைத் தின்று வளர்ந்த அந்த மனத்தைவிட உயர்ந்த பக்தி இல்லை என்று பாடிக்கொண்டே, புலைச்சேரிச் சோறு மனத்தைக் கெடுக்கும் என்று பிரசங்கமும் செய்தால் இரண்டில் எது பொய்? இந்தக் கதைகளை நாம் நம்புகின்றவர்களல்ல. நம்புகின்றவர்களாவது யோசிக்க வேண்டாமா?

சுவேதகேது பட்டினி

இனி, ‘அன்னமே மனம்’ என்பதற்கு மூலாதாரமாகக் காட்டப்படுகின்ற சாந்தோக்கிய உபநிஷத்தின் 6-வது அத்தியாயத்திற்கே வருவோம். உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவை 15 நாள் சாப்பிடாமல் தண்ணீர் மட்டும் குடிக்கச் செய்கின்றார். பிறகு வேதத்தைச் சொல்லச் சொன்னால் மகனுக்கு ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. போய்ச் சாப்பிட்டுவிட்டு வா என்கின்றார். சாப்பிட்டு வந்த பிறகு கேட்டதற்கெல்லாம் பதில் வருகின்றது.

என்ன சாப்பிட்டான்? நெய்ச் சோறா, பழையதா, யார் சமைத்தது? கதையில் ஒன்றும் இல்லை. சாப்பிட்டான், அறிவு திரும்பியது; அவ்வளவுதான். மனத்தைக் கெடுப்பது பசி என்பதே அந்தப் பரீட்சை காட்டுகின்ற உண்மை. 15 நாள் பட்டினியில் ஒரு பிராமணப் பிள்ளைக்கு வேதமே மறந்துபோகுமானால், தலைமுறை தலைமுறையாக அரை வயிற்றோடு வைக்கப்பட்டவன் பிள்ளைக்கு வாய்ப்பாடு மறந்துபோனதில் என்ன ஆச்சரியம்? பசியைக் கொடுத்துவிட்டு, அதனால் வந்த சோர்வுக்குத் தாமச குணம் என்று பெயர் வைத்ததுதான் இதிலுள்ள மகா பெரிய மோசடி.

ஆகாரத்துக்கும் மூளைக்கும் உண்மையிலேயே சம்பந்தம் உண்டு. அதை ஆராய்ந்து கண்டது விஞ்ஞானம். அமெரிக்காவின் தென்பகுதியில் ‘பெல்லாக்ரா’ என்ற வியாதி ஏழைகளைப் பிடித்து, தோலை வெடிக்கச் செய்து, கடைசியில் சித்தப்பிரமையில் கொண்டுபோய் விட்டது. 1914 முதல் அதை ஆராய்ந்த டாக்டர் கோல்ட்பர்கர், அது சோளத்தையே தின்று கிடந்ததால் வந்தது என்று கண்டு, பாலும் முட்டையும் இறைச்சியும் கொடுத்து அநாதை விடுதிகளிலும் பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலும் அதை மறையச் செய்தார். இரும்புச் சத்துக் குறைந்தால் பிள்ளையின் கவனம் குன்றும். அயோடின் குறைந்தால் மூளை வளர்ச்சியே தடைப்படும். நரம்புக்கு இன்றியமையாத பி-12 என்னும் சத்து பால், முட்டை, மீன், இறைச்சியில் இருக்கின்றது. செடிகொடிகளில் அனேகமாக இல்லை. பால் வாங்க வசதியற்ற வீட்டில் முட்டையையும் மீனையும் தாமசம் என்று தடுத்தால், அந்தப் பிள்ளை புத்திக்கு எதைத் தின்னும்?

வடலூர் அடுப்பும் பள்ளிக்கூட முட்டையும்

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823-இல் பிறந்த வள்ளலார், 1867 மே 23-இல் வடலூரில் தருமசாலை தொடங்கினார். அங்கு மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையவில்லை. அவர் புலாலைக் கடுமையாகக் கண்டித்தவர்தான். அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் பசி அறிவை எப்படியெல்லாம் அழிக்கின்றது என்பதை ‘ஜீவகாருண்ய ஒழுக்க’த்தில் விரித்து எழுதிய அவர், பசித்தவன் என்ன ஜாதி, என்ன தின்கின்றவன் என்று கேட்டுக்கொண்டு சோறு போடச் சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26-இல் கடல் பொங்கி வந்தபோது, பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் சுற்றுப்புற மீனவ மக்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். அன்று யாருடைய சோறு என்று பார்த்து இலையைத் தள்ளியவர் யார்? தின்றதால் யாருடைய மனம் கெட்டுப்போயிற்று?

தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில் 1989-இல் இரு வாரத்துக்கு ஒன்றாக ஆரம்பித்த முட்டை, பின்னர் வாரம் ஐந்து நாளாக உயர்ந்தது. முட்டை வேண்டாத பிள்ளைக்கு வாழைப்பழம் உண்டு, யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் மத்தியப் பிரதேசத்தில் 2015-இல் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை கொடுக்கும் யோசனையை முதல் மந்திரியே மறுத்துவிட்டார். சாத்வீகப் பிரசங்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட ருஜு வேண்டுமா? பிரசங்கம் செய்கின்றவர் தம் வீட்டில் எதைத் தின்றாலும் நமக்குக் கவலையில்லை. அவருடைய நாக்கு ஏழைப் பிள்ளையின் தட்டில் கை வைக்க வரும்போதுதான் நாம் தடுக்க வேண்டியிருக்கின்றது.

ஆகவே தோழர்களே! உங்கள் பிள்ளைக்குப் பழைய சோறு கொடுங்கள், மீன் கொடுங்கள், கீரை கொடுங்கள், முட்டை கொடுங்கள். கிடைத்ததை வயிறார, வெட்கமின்றிக் கொடுங்கள். எவராவது வந்து, என்ன தின்றாய், யார் கையால் தின்றாய் என்று கேட்டால், உன் பக்கத்து வீட்டில் இன்று அடுப்பு எரிந்ததா என்று திருப்பிக் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல முடியாதவருக்கு நம்முடைய மனத்தைப் பற்றிப் பேச யோக்கியதை கிடையாது.