சரக்கு விமானிக்கு மட்டும் உறக்கம் வேண்டாமா?

இன்று இரவு ஒரு பொருளைக் கேட்கிறோம். நாளைக் காலை அது வாசலுக்கு வந்துவிட வேண்டும் என்கிறோம். அந்தக் காலைக்காக இரவெல்லாம் விழித்திருப்பவர் யார் என்று நாம் எண்ணுவதில்லை. அமெரிக்காவின் மெம்பிஸ், லூயிவில் நகரங்களிலுள்ள சரக்கு விமான மையங்களில் நள்ளிரவே பகல். பல ஊர்களிலிருந்து விமானங்கள் வந்திறங்கும், பொதிகள் பிரிக்கப்படும், விடியுமுன் விமானங்கள் மீண்டும் புறப்படும். இடைப்பட்ட சில மணி நேரத்தில் விமானி இயன்றால் சற்றே கண்ணயர்வார்.

சகோதரர்களே, இவருடைய உறக்கத்துக்கு அந்நாட்டுச் சட்டம் அளித்த மதிப்பு என்ன?

2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்கு அருகே பயணிகள் விமானம் ஒன்று வீழ்ந்து 50 பேர் இறந்தனர். விமானிகளின் களைப்பும் அனுபவமும் அப்போது பெரும் விவாதமாயின. 2010இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதிலிருந்து இரண்டு விதிகள் பிறந்தன. ஒன்று, பணியில் சேர்வது பற்றியது: துணை விமானியாகச் சேர்வதற்கும் உயர்நிலை உரிமம் வேண்டும், அதற்குப் பொதுவாக 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். மற்றொன்று, ஓய்வு பற்றியது: பணிக்கு முன் 10 மணி நேர ஓய்வு, அதில் இடையூறின்றி 8 மணி நேரம் உறங்க வாய்ப்பு. காலையில் பணி தொடங்குவோருக்கு 14 மணி நேரம் வரை. நள்ளிரவுக்குப் பின் தொடங்குவோருக்கு 9 மணி நேரமே உச்சவரம்பு.

முதல் விதி சரக்கு விமானிக்கும் பொருந்தும். இரண்டாவது விதி பொருந்தாது. 2014 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தபோது சரக்கு நிறுவனங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது, விரும்பினால் பின்பற்றலாமாம்! செலவு பலனைவிட மிகுதி என்பதே சொல்லப்பட்ட காரணம். ஆகவே இருவர் இயக்கும் சரக்கு விமானத்தின் விமானி, 24 மணி நேரத்தில் 16 மணி நேரம் வரை பணியில் இருக்கலாம். வேலைக்கு எடுக்கும்போது தகுதியில் சமம், உறங்கும்போது சமமில்லை. இது என்ன நீதி?

2013 ஆகஸ்ட் 14 அன்று விடியுமுன், லூயிவில்லிலிருந்து பர்மிங்ஹாம் சென்ற யூபிஎஸ் 1354 சரக்கு விமானம் ஓடுபாதையை எட்டுமுன் தரையில் மோதியது. இரு விமானிகளும் இறந்தனர். புறப்படுமுன் அவ்விருவரும் தம் களைப்பைப் பற்றியும், பயணிகள் விமானிகளுக்கு வரவிருந்த ஓய்வு விதி தமக்கு இல்லை என்பதைப் பற்றியும் பேசிக்கொண்டது விமானி அறை ஒலிப்பதிவில் இருந்தது.

“அவர்களது பணி அட்டவணை புதிய விதிக்கும் உட்பட்டே இருந்தது, துணை விமானி தம் ஓய்வு நேரத்தைச் சரியாகப் பயன்படுத்தவில்லை” என்று விலக்கை ஆதரிப்போர் கூறுவர். விசாரணை அறிக்கை தரையிறக்கத்தில் நேர்ந்த பிழைகளையே முதற்காரணமாகச் சொன்னது என்பதும் உண்மை. ஆனால் அதே அறிக்கை களைப்பையும் துணைக் காரணமாகக் குறித்ததே! ஒரு விபத்தை இவ்விதி தடுத்திருக்குமா என்பதல்ல கேள்வி. விடியற்காலை 4 மணிக்கு மனித உடல் தளர்கிறது; பின்னால் இருப்பது பயணியா பொதியா என்று அவ்வுடல் அறியுமா? வீழும் விமானம் பொதியின் மீதா வீழும்? கீழே வீடுகள் உள்ளன.

இச்சுமை எல்லார் மீதும் சமமாக விழுவதுமில்லை. இத்தொழிலில் சேர்ந்த நாளே மூப்பின் அளவுகோல். மூத்தவர் தமக்குகந்த பயணங்களை முதலில் தேர்வார். புதிதாகச் சேர்ந்தவருக்கு எஞ்சிய இரவுகளும், பண்டிகை நாள்களும், அழைத்ததும் வர வேண்டிய காத்திருப்புப் பணியுமே கிட்டும். பிள்ளையை விமானியாக்க விழையும் பெற்றோர் சம்பளத்தை மட்டும் விசாரிக்காமல், அட்டவணையையும் ஓய்வு விதியையும் விசாரிக்க வேண்டும்.

விமானிகள் சங்கம் தொடுத்த வழக்கில், 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் விலக்கு செல்லும் என்றது. சட்டப்படி செல்லுவதெல்லாம் நியாயமாகிவிடாது. ஸஹருக்கும் ஃபஜ்ருக்கும் எழும் நாம், அந்நேரத்து இமைகளின் பாரத்தை அறிந்தவர்கள். அப்பாரத்தோடு ஒருவர் விமானத்தைத் தரையிறக்குகிறார். பொதி ஒரு நாள் தாமதித்து வரட்டும். அவர் உறங்கி எழுந்து வரட்டும்.