காப்பாற்றப் போனது குற்றமா?

"அவசரப்பட்டுத் தொட்டுட்டான், அவன் விதி" என்று முதலாளி சொன்னார். என் வீட்டுக்காரரின் பிணத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே சொன்னார். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. இனிமேல் சும்மா இருக்க மாட்டேன்.

தெள்ளாரிலிருந்து ஆரணிப் பக்கம் சாயப்பட்டறைக்கு வேலைக்குப் போனவர். பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்து, அலசி, சாயம் ஏற்றுகிற வேலை. தரை எப்போதும் ஈரம். அந்த ஈரத்தில்தான் மோட்டார் ஒயர் தோல் உரிந்து கிடந்தது. மாற்றச் சொல்லி எத்தனை முறை கேட்டார்கள்! தீபாவளி ஆர்டர் முடியட்டும் என்றார்களாம். கூட வேலை செய்த பையனை ஷாக் பிடித்துக்கொண்டது. கத்தக்கூட முடியாமல் துடித்தானாம். இவர் ஓடிப்போய் அவனைப் பிடித்து இழுத்தார். பையன் பிழைத்தான். இவர் பிழைக்கவில்லை.

முதலில் மெயினை அணைக்கணுமாம், அதுவரைக்கும் ஆளைத் தொடக்கூடாதாம். இப்போது ஆளாளுக்கு என்னிடம் சொல்கிறார்கள். அவர் உயிரோடு இருந்தபோது அவரிடம் ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை? மெயின் பெட்டி பூட்டின ஆபீஸ் அறையில். சாவி முதலாளியிடம். எதைப் போய் அணைப்பார்? கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கிற டிரிப்பர் இருக்கிறதே, ஒரு பட்டுச்சேலை விலைகூட வராதே, அதை ஏன் போடவில்லை? மூச்சு நின்றவர் நெஞ்சை அழுத்தத் தெரிந்தவர் ஒருத்தர்கூட அங்கே இல்லையே! 108 வரும்வரை முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள்.

2012 செப்டம்பர் 5, சிவகாசி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதிலும் உதவிக்கு ஓடினவர்கள் இருந்தார்கள். கழிவுநீர்த் தொட்டியில் மயங்கினவனைத் தூக்க இறங்கி அடுத்தவனும் சாகிற செய்தி வருடா வருடம் வருகிறது. இவர்கள் எல்லோருமே அவசரப்பட்டவர்களா? எல்லோருக்குமே விதியா?

மின்சாரத்தில் ஓடுகிற பட்டறையில் 10 பேர் இருந்தால்தான் பாதுகாப்புக்கான 1948 தொழிற்சாலைச் சட்டம் பொருந்தியது. 2020இல் கொண்டுவந்த சட்டத்தொகுப்பில் அதை 20 ஆக்கினார்கள். 19 பேர் இருக்கிற பட்டறையில் கரண்ட் கொல்லாதா, ஐயா?

காரியம் முடியும் முன்னே கொஞ்சம் பணத்தைக் கையில் திணித்து, எழுதாத தாளில் கையெழுத்து வாங்கினார்கள். பிறகுதான் தெரிந்தது. தொழிலாளி செத்துப்போனால், அவன் கவனக்குறைவு என்று சொல்லி முதலாளி தப்ப முடியாதாம். நஷ்டஈட்டை ஆணையரிடம்தான் கட்டணுமாம், நேராக என் கையில் கொடுத்து முடித்துவிட முடியாதாம். 1923ஆம் வருடச் சட்டத்திலேயே இருந்தது அது. என் தாத்தா காலத்துச் சட்டம் எனக்குத் தெரியாது. முதலாளி, உங்களுக்குமா தெரியாது? தெரிந்தேதானே அந்தத் தாளை நீட்டினீர்கள்?

பிழைத்த பையன் வேறு வழியில்லாமல் அதே பட்டறைக்குத்தான் போகிறான். மெயின் பெட்டி இருக்கிற அந்த அறை இன்னும் பூட்டித்தான் கிடக்கிறதாம். முகூர்த்தத்துக்குப் பட்டெடுக்க வருகிறவர்களே, கடையில் சரிகையைத் தடவிப் பார்த்துக் கேட்கிறீர்களே, இதையும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவனை ஷாக் பிடித்தால் இந்த முறை யார் அணைப்பார்கள்?